அச்சணை முகம், அச்சகல் முகம்: இலையின் இரு பக்கங்களுக்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தண்டின் அச்சை நோக்கிய இலைப்பக்கத்துக்கும் அச்சிலிருந்து விலகிய பக்கத்துக்கும் நான் சொல் கேட்டிருந்தேன். மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்பனவே போதும் என்று ஒருவரும், அகமுகம், புறமுகம் எனலாம் என்று மற்றொருவரும் எழுதியிருக்கிறீர்கள்.

என் கட்டுரை தாவரவியலாளர் இயன் சசெக்ஸின் ஆய்வுகளைப் பற்றியது. நியூசிலாந்தில் பிறந்து, மான்செஸ்டரில் ஆய்வு செய்து, பின்னர் யேல், பெர்க்கிலி பல்கலைக்கழகங்களில் பணியாற்றிய அவர், 1951இல் உருளைக்கிழங்குச் செடியில் செய்த ஒரு சோதனையை வெளியிட்டார். தண்டு நுனியில் புதிய செல்களை ஆக்கும் ஆக்குத்திசுவுக்கும், அதன் ஓரத்தில் இலை அரும்பவிருக்கும் இடத்துக்கும் இடையே அவர் கீறிவிட்டபோது, தட்டையான இலை வராமல், எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் அமைந்த குச்சி போன்ற உறுப்பு வளர்ந்தது. அச்சை நோக்கிய செல்கள் தம் தனித்தன்மையைப் பெற நுனியின் தொடர்பு வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்பட்ட முடிவு. 1995இல் வெயிட்ஸ், ஹட்சன் என்னும் ஆய்வாளர்கள், ஆன்ட்டிரைனம் என்னும் பூச்செடியில் ஃபான்டாஸ்டிக்கா என்னும் மரபணு பழுதுற்றால் ஊசி போன்ற இலைகள் தோன்றுவதைக் காட்டி, அச்சை நோக்கிய செல்களும் அச்சிலிருந்து விலகிய செல்களும் அடுத்தடுத்து நிற்கும் எல்லையிலிருந்தே இலைப்பரப்பு விரிகிறது என்ற கருத்தை முன்வைத்தனர். இத்தனையும் நடப்பது, இளம் இலை தண்டின் நுனியை ஒட்டி நிமிர்ந்து நிற்கும் பருவத்தில். அப்போது அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

அகமுகம் என்பதை எளிதில் தள்ள எனக்கு மனம் வரவில்லை. தொல்காப்பிய மரபியலே வெளியே வைரம் உள்ளவை புறக்காழ், உள்ளே வைரம் உள்ளவை அகக்காழ் என்று பயிர்களைப் பிரித்திருக்கிறது. சோழவந்தான் தோட்டங்களில் சுருண்டு நிற்கும் வாழைக் குருத்திலும் அச்சை நோக்கிய பக்கம் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் திண்டுக்கல் பக்கம் பயிராகும் சின்ன வெங்காயத்தின் தாளைப் பாருங்கள். அந்தக் குழலின் வெளிப்பரப்பு அச்சிலிருந்து விலகிய பக்கத்தின் இயல்புடையது. உள்ளே இருப்பது வெற்றிடமேயன்றி மற்றொரு முகமன்று. அங்கே அகமுகம் என்ற சொல் மாணவரைத் தவறான இடத்தில் தேட வைக்கும்.

ஆகவே அச்சணை முகம், அச்சகல் முகம் என்பவற்றை முன்வைக்கிறேன். அணைதலும் அகலுதலும் நிலையைச் சுட்டாமல் உறவைச் சுட்டுகின்றன. தண்டு என்பதை முதலாக வைத்தால், தண்டணை என்பது தண்டனையாகப் படிக்கப்படும்; அதனாலேயே அதைத் தவிர்த்தேன். 'அச்சணை முகத்தை உருவாக்கும் மரபணுக்கள்' என்று தொடரில் வைத்தும் பார்த்தேன், இடறவில்லை.

மதுரைக் கல்லூரிகளில் தமிழ்வழியில் தாவரவியல் நடத்துவோர், இவற்றை வகுப்பில் சொல்லிப் பார்த்து, மாணவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று எழுதினால், கட்டுரையை அனுப்புமுன் திருத்திக்கொள்வேன்.