பூநாரைப் படங்கள் அனைத்தும் மங்கலாக வருகின்றன, லென்ஸில் கோளாறா?

வேளச்சேரிக்காரன்
வணக்கம். சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பூநாரைகளை எடுத்த படங்கள் எல்லாமே மங்கலாக இருக்கின்றன. கேமராவின் சிறு திரையில் நன்றாகத் தெரிகின்றன. கணினியில் பெரிதாக்கினால் இறகும் கண்ணும் கரைந்துபோய்விடுகின்றன. லென்ஸ் புதியது. கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியப்போகிறது என்பதால் விரைவாக யாராவது சொல்லுங்கள்.

நெடுங்கால் உள்ளான்
என்ன லென்ஸ், ஷட்டர் வேகம் எவ்வளவு, முக்காலி உண்டா, எந்த நேரத்தில் எடுத்தீர்கள், பறவை எவ்வளவு தொலைவில் நின்றது? இவற்றுள் ஒன்றையும் நீங்கள் சொல்லவில்லை, படத்தையும் இணைக்கவில்லை.

லென்ஸ் பித்தன்
அவ்வளவு விவரம் தேவையில்லை. லென்ஸின் முகப்பில் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். மலிவான கண்ணாடி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு கூர்மை இல்லை என்று வருந்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கூழைக்கடா
எனக்குக் கை நடுக்கம் என்றே தோன்றுகிறது. 600 மில்லிமீட்டரில் கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறையக்கூடாது. பறக்கும் பறவைக்கு 1/2000 வேண்டும்.

மூத்த பறவையாளர்
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லியாகிவிட்டது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாதவருக்கு, நாரைக்காகக் காத்திருக்கும் பொறுமை மட்டும் எங்கிருந்து வரும்? தம்பி, முதலில் ஒரு பைனாகுலரை வாங்கிப் பறவையைப் பார்க்கப் பழகுங்கள். லென்ஸெல்லாம் அதற்குப் பிறகு.

வேளச்சேரிக்காரன்
150–600 மில்லிமீட்டர் லென்ஸ், ஏபிஎஸ்-சி கேமரா (படம் பதியும் சென்சார் சற்றுச் சிறியது), ஷட்டர் 1/1600, ஐஎஸ்ஓ 400. காலை பத்தரை மணிக்கு மேல், ரேடியல் சாலையோரம் காரில் இருந்தபடியே எடுத்தேன். பறவைகள் ஏறத்தாழ முந்நூறு மீட்டர் தள்ளி நின்றன.

அடையாற்று ஆலா
இப்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. காரின் ஏசி ஓடிக்கொண்டிருந்ததா, ஐயா?

வேளச்சேரிக்காரன்
ஆம், கண்ணாடியை மட்டும் இறக்கியிருந்தேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

அடையாற்று ஆலா
நிறையவே உண்டு. வெயில் ஏறியபின் தார்ச்சாலையும் சேறும் சூடாகி, அவற்றின் மேலுள்ள காற்றையும் சூடாக்குகின்றன; சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அவை கலந்து அலையும் இடத்தைக் கடந்து வரும் உருவம் நெளிந்துவிடுகிறது. இப்படி அலையும் காற்றைத்தான் கானல் என்கிறோம். முந்நூறு மீட்டர் கானலைத் தாண்டிப் பார்க்கும்போது லென்ஸ் பறவையைப் பெரிதாக்குவதோடு அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. போதாததற்கு, ஏசியின் குளிர்காற்று இறக்கிய கண்ணாடி வழியே வெளியேறி, உங்கள் லென்ஸின் முன்னாலேயே வெப்பக்காற்றோடு கலக்கிறது. 1/1600 இருக்கும்போது கை நடுக்கம் முதற்காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஷட்டரை இன்னும் கூட்டினாலும் கானல் போகாது.

கடைக்குப் போகுமுன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பத்து மீட்டருக்குள் நிற்கும் ஓர் உண்ணிக்கொக்கை எடுத்துப் பாருங்கள். அது கூர்மையாக வந்தால் பெரும்பாலும் லென்ஸில் குற்றமில்லை. பிறகு தொலைவிலுள்ள ஒரே பூநாரையைத் தொடர்ச்சியாக எடுத்து அடுத்தடுத்த படங்களை ஒப்பிடுங்கள். விளிம்பு ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக நெளிந்திருந்தால் அது கானல். கை நடுங்கியிருந்தால் ஒரு படத்திலுள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவைக்கு முன்னோ பின்னோ ஏதாவது ஒரு புல்லாவது கூர்மையாக இருக்கும்.

நெடுங்கால் உள்ளான்
கானலே இல்லாவிட்டாலும் இந்தத் தொலைவு அதிகம்தான். 1.3 மீட்டர் உயரமுள்ள பூநாரை, 600 மில்லிமீட்டர் லென்ஸில் முந்நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து சென்சாரில் 2.6 மில்லிமீட்டராகத்தான் விழும். அது படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. அதில் கண்ணின் மணியைத் தேடினால் எந்த லென்ஸும் கைவிரித்துவிடும்.

முட்டுக்காட்டார்
இதற்கு ஏன் இவ்வளவு கணக்கு? இறங்கி நடந்து கிட்டப் போனால் தீர்ந்தது. முட்டுக்காட்டிலும் அடையாற்று முகத்துவாரத்திலும் மீனவர்கள் வலையோடு நடமாடுகிறார்கள். பறவைகள் பாட்டுக்கு மேய்கின்றன.

கூழைக்கடா
பள்ளிக்கரணை காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் நிலமும் (பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) கூட. நினைத்தவர் நினைத்தபடி சேற்றில் இறங்கும் இடமன்று அது. வலசை வந்த பறவை ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் மேயும் நேரத்தையும் சேர்த்துவைத்த கொழுப்பையும் இழக்கிறது.

முட்டுக்காட்டார்
அப்படியானால் மீனவரையும் தடுத்துவிடுங்கள். அவருக்கு அது பிழைப்பு. எழுப்புவதெல்லாம் எங்களைப் போன்ற ஏழைகளின் கேமராதான் என்கிறீர்களா?

அடையாற்று ஆலா
நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நாள்தோறும் ஒரே வழியில், ஒரே வேகத்தில், பறவையைக் கண்ணெடுத்தும் பாராமல் நடப்பவருக்கு அது பழகிவிடுகிறது. பறவையை நோக்கியே நேராகக் குனிந்து குனிந்து வருபவர் அதன் கண்ணுக்கு வேட்டையாடியாகத்தான் தெரிவார். ஆகவே மீனவரைச் சான்றுக்கு அழைத்துப் பயனில்லை.

மூத்த பறவையாளர்
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

கூழைக்கடா
பைனாகுலர் வாங்கச் சொன்னீர்கள், ஐயா. வேறொன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

லென்ஸ் பித்தன்
ஃபில்டர் உண்டா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வேளச்சேரிக்காரன்
உண்ணிக்கொக்கு கூர்மையாக வந்தது. தொடர் படங்களில் பூநாரையின் கழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நெளிகிறது. லென்ஸைத் திருப்பவில்லை. நன்றி.

நெடுங்கால் உள்ளான்
நல்லது. அடுத்த முறை விடிந்த கையோடு போய்விடுங்கள். இன்ஜினையும் ஏசியையும் அணைத்துவிட்டு, லென்ஸ் வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள், இல்லையென்றால் நம் ஊர் ஈரக்காற்றில் முகப்புக் கண்ணாடியில் பனி படரும். ரேடியல் சாலை கிழக்கு மேற்காக ஓடுவதாலும், மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதாலும், வடக்கு நோக்கி எடுத்தால் ஒளி உங்கள் முதுகுப்பக்கமிருந்து பறவை மீது விழும். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்துவது ஆபத்தாகத் தோன்றினால், பெரும்பாக்கம் ஏரிக்கரையையும் ஒரு காலையில் பார்த்துவிடுங்கள்.