தொடர்களில் போன்: கதையை நடத்துகிறதா, திரையில் தெரிந்தால் போதுமா?

ஈயக்கம்பி:
தகவல் தொடர்புக் கருவி மாற மாறக் கதையும் மாறணும். அதை உருப்படியாச் செஞ்ச தொடர் ‘தி வயர்’ (அமெரிக்காவோட எச்பிஓ சேனல், 2002–2008). முதல் சீசன்ல பால்டிமோர் போதைக் கும்பல் பேஜரும் (கூப்பிட வேண்டிய எண்ணைக் காட்டுற சின்னக் கருவி) கட்டண போனும் (காசு போட்டுப் பேசுற பொது போன்) வச்சுத்தான் தொடர்பு வச்சுக்குது. அந்தக் காலத்துப் பேஜர் சிக்னலை வாங்கிக்க மட்டும்தான் செய்யும், எதையும் அனுப்பாது. அதனால அதை வச்சு ஆள் இருக்கிற இடத்தைப் பிடிக்க முடியாது. அதுல வர்ற எண்ணும் சங்கேதம்: கீபேட்ல 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கிற எண்ணை அழுத்தணும். 1-க்கு 9, 2-க்கு 8, 3-க்கு 7, 4-க்கு 6. 5-ம் 0-வும் இடம் மாறும். 317-ன்னா 793.

மூணாவது சீசன்ல (2004) ப்ரீபெய்டு மொபைல் வந்துடுது. கொஞ்ச நாள் பேசிட்டுத் தூக்கிப்போட்டுடுவாங்க. போலீஸ் எண்ணைக் கண்டுபிடிச்சு, அழைப்புப் பட்டியல் எடுத்து, ஒட்டுக்கேட்க அனுமதி கேட்டு மனு எழுதி, நீதிபதி கையெழுத்து வாங்குறதுக்குள்ள அந்த எண் செத்துப்போயிருக்கும். அஞ்சாவது சீசன்ல பேச்சே கிடையாது, கடிகார முகப்பைப் படமெடுத்து அனுப்புறாங்க. முள் காட்டுற எண்கள்தான் வரைபடப் புத்தகத்துல சந்திக்க வேண்டிய இடத்தைச் சொல்லுது.

படத்தொகுப்பு:
ஒரு தொடரை வச்சு எல்லாருக்கும் சட்டம் போடாதீங்க, நண்பரே. குறுஞ்செய்தி வந்தப்போ இயக்குநருக்கு வந்த சிக்கல் வேற. போன் திரைக்கு ஒரு குளோசப் வச்சா நடிகர் முகம் போச்சு, காட்சியோட ஓட்டமும் போச்சு. அந்தத் திரையைப் படமெடுக்கிறதே தலைவலி. பச்சைத் திரை போட்டு, மூலைகள்ல குறி வச்சு எடுத்து, எழுத்தைப் பிறகு ஒட்டுவாங்க. நடுவுல விரல் குறுக்கே வந்தா ஒவ்வொரு ஃப்ரேமா விரலை வெட்டி எடுக்கணும். ‘ஷெர்லாக்’ (பிபிசி, 2010) எழுத்தை நேரா முகத்துக்குப் பக்கத்துலயே மிதக்கவிட்டுச்சு. முதல் எபிசோட்ல பத்திரிகையாளர் கூட்டத்துல எல்லார் போனும் ஒரே நேரத்துல ஒலிக்க, ‘தவறு’ங்கிற ஒரே சொல் ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் எழும்புது. ஒரு குளோசப்கூட இல்லாம எல்லாருக்கும் செய்தி போனதைக் காட்டியாச்சு. போன் மாடல் பழசாகுதேங்கிற கவலையும் இல்ல.

மொழிமாற்றம்:
அந்த மிதக்கும் எழுத்து எங்க வேலையில பெரிய தொல்லை. எழுத்தில்லாத மூலப் பிரதி கையில கிடைச்சாத்தான் தமிழ்ல புதுசாப் போட முடியும். கிடைக்கலேன்னா ஆங்கில எழுத்து அப்படியே நிக்கும். கீழே வசன வரி போடணும், இல்லேன்னா யாராவது குரல்ல படிக்கணும். குரல் போட்டா, வாய் அசையாத நடிகர் பேசுற மாதிரி ஆயிடும். திரையில 2 வினாடி நிக்கிற நாலு சொல்லைத் தமிழ்ல படிக்க அந்த நேரம் பத்தாது.

ஈயக்கம்பி:
அழகா இருக்குங்கிறதை மறுக்கல. ஆனா அதே செய்தியை ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் அங்கே கதை மாறாது. பேஜரை எடுத்துட்டா ‘தி வயர்’ முதல் சீசன் நகராது.

படத்தொகுப்பு:
பார்க்கிறவங்களுக்குப் பதற்றமும் வேணுமே. “இன்னும் 30 வினாடி பேச வைங்க, இடத்தைப் பிடிச்சுடலாம்”ங்கிற காட்சி பொய்யா இருந்தாலும் வேலை செய்யுது.

ஈயக்கம்பி:
அது ஒரு காலத்துல உண்மையா இருந்ததுதான். பழைய எந்திர டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அழைப்பு சுவிட்ச் சுவிட்சாத் தொடுத்து வரும். ஊழியர் வாங்கினவர் பக்கத்துலேர்ந்து பின்னோக்கி ஒவ்வொண்ணாத் தேடிப்போகணும், இணைப்பு அறுந்தா தடமும் போயிடும். மின்னணு எக்ஸ்சேஞ்ச் வந்தபிறகு (அமெரிக்காவுல 1965-ல நியூ ஜெர்சியில தொடங்குச்சு) அழைக்கிற எண் இணைப்போட சேர்ந்தே பதிவாகுது. இன்னிக்குத் தாமதம் நிறுவனத்துக்குப் போற சட்டக் கடிதத்துல இருக்கு, கம்பியில இல்ல.

படத்தொகுப்பு:
கடிதத்தை வச்சு எப்படிப் பதற்றம் உண்டாக்குவீங்க?

ஈயக்கம்பி:
‘தி வயர்’ முதல் சீசனைப் பாருங்க. கட்டண போனை யார் வேணாலும் எடுக்கலாம். அதனால சந்தேக நபர் எடுத்தாத்தான் போலீஸ் ஒட்டுக்கேட்கலாம்னு நிபந்தனை. மொட்டைமாடியில ஒரு காவலர் படுத்துக்கிட்டு, எடுத்தது யாருன்னு பார்த்து ரேடியோவுல சொல்லணும். அதுக்கப்புறம்தான் ஒட்டுக்கேட்கிறவர் ஹெட்போனை மாட்டலாம். மாடியில ஆள் இல்லாத நேரத்துல வர்ற அழைப்பு, எவ்வளவு முக்கியமானதா இருந்தாலும், அவங்களுக்குக் கிடைக்காது.