பழைய டி.சி. (நேர்மின்னோட்ட) கூரை மின்விசிறி: எப்படி மதிப்பிடுவது, எங்கே விற்பது?

கேள்வி:
வணக்கம். காரைக்குடியில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டிலிருந்து, வார்ப்பிரும்பு உடலும் நான்கு இறக்கைகளும் கொண்ட மின்விசிறி ஒன்றை இறக்கியிருக்கிறோம். பெயர்த்தகட்டில் ‘ஜி.இ.சி., மேட் இன் இங்கிலாந்து, 220 வோல்ட், டி.சி.’ என்பது மட்டும் தெரிகிறது. ஐயா காலத்து விசிறி என்பதால் அடிமாட்டு விலைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
‘டி.சி.’ என்ற அந்த இரண்டு எழுத்துகள்தான் முக்கியமான தடயம். இன்றைய 230 வோல்ட் ஏ.சி. (மாறுமின்னோட்ட) இணைப்பில் மாட்டிப் பார்க்காதீர்கள். சுருள் கருகினால் மதிப்பில் பாதி போய்விடும். உண்மையான டி.சி. விசிறி என்றால், மூடியைக் கழற்றியதும், செம்புத் துண்டுகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டரும், அதில் உரசும் கார்பன் பிரஷ்களும் இருக்க வேண்டும். பித்தளைபோல் மின்னும் பாகங்களில் காந்தம் ஒட்டினால், அது இரும்பின் மேல் பூசிய முலாம்தான்.

பதில் 2:
தயவுசெய்து புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம். சேகரிப்பவர்கள் பழைய பூச்சையும், தகட்டையும், ஒரே தொகுதியைச் சேர்ந்த இறக்கைகளையுமே தேடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் குறைந்தது மூன்றிலாவது விசாரித்துவிட்டு, தகட்டின் தெளிவான படத்துடன் இணையத்திலும் விளம்பரம் செய்யுங்கள். எடைக்கு விலை பேசுபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூடியைத் திறந்தோம், கம்யூட்டேட்டர் கறுத்திருந்தாலும் முழுமையாக இருக்கிறது. துணி சுற்றிய ஒயர் மட்டும் தொட்டவுடன் பொடிந்தது.

பதில் 1:
அந்த ஒயரை மாற்றாமல், உள்ளபடியே சொல்லி விற்றுவிடுங்கள்.