படம் மங்கலாம், குரல் அறுபடக் கூடாது: தடுமாறும் சிக்னலில் நேரலை நடத்தியவர்களின் அனுபவங்கள்

புதுக்கோட்டைப் பக்கம் கல்யாண நேரலை எடுப்பவர்

கிராமத்து மண்டபங்களில் கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம் என்று யூடியூப் நேரலை எடுத்துக் கொடுப்பது என் தொழில். பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலும் குவைத்திலும் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்ட சொந்தக்காரர்கள். தாலி கட்டும் நேரத்தில் அவர்கள் திரை உறைந்துவிட்டால் அந்த நிமிடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. சிக்னலோடு இப்படிப் போராடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

எங்களுக்கு டவுன்லோடு வேகம் ஒரு பொருட்டே இல்லை. அப்லோடுதான் எல்லாம். காலி மண்டபத்தில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 8 எம்பிபிஎஸ் காட்டும். முகூர்த்த நேரத்தில் அதே இடத்தில் 1 கூட நிற்காது. மண்டபம் நிறைந்த கூட்டம் ஒரே டவரைப் பிடித்திருக்கிறது, ஆளாளுக்குப் போனைத் தூக்கி வீடியோ எடுத்து அப்போதே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதனால் நான் டெஸ்ட் எடுப்பது முதல் நாள் ராத்திரி, வரவேற்பில் பந்தி நடக்கும்போது. அதில் வரும் மிகக் குறைந்த எண்ணில் பாதிதான் என் பிட்ரேட், அதாவது நொடிக்கு நான் அனுப்பும் டேட்டா அளவு. ‘ஃபுல் எச்டி வருமா’ என்று கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: முழுத் தரப் பதிவு கார்டில் இருக்கும், அப்புறம் கைக்கு வரும், நேரலை 720பி-யில், அறுபடாமல் போகும்.

யூடியூபுக்கு நாங்கள் அனுப்புவது பெரும்பாலும் ஆர்டிஎம்பி முறையில். அது டிசிபி மேல் ஓடுவது, டேட்டாவைப் பாக்கெட் என்ற துண்டுகளாக வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் முறை. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி போய்ச் சேரும்வரை பின்னால் வந்ததெல்லாம் நிற்க வேண்டும், ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரின் கைரேகை பதியாதபோது மொத்த வரிசையும் நிற்பதுபோல. வரிசை ஒரு அளவுக்கு மேல் நீண்டால், நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ், வீடியோவின் தனித்தனிப் படங்களான ஃபிரேம்களைத் தூக்கி எறியத் தொடங்கும். 2019-ல் வந்த 24-ஆம் பதிப்பிலிருந்து, நெரிசல் வந்தால் பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதி அதில் இருக்கிறது. அதை ஆன் செய்யாமல் கிராமத்துக்கு நேரலை எடுக்கப் போகவே கூடாது என்பேன்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. மணவறைக்குப் பின்னால் மினுக்கும் சீரியல் செட்டும் மேலிருந்து கொட்டும் பூவும் பிட்ரேட்டைத் தின்றுவிடும். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியைத் திரும்ப அனுப்பாமல் விடுவதால்தான் வீடியோவைச் சுருக்கும் என்கோடருக்கு மிச்சம். திரை முழுக்க மினுக்கினால் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை, பொண்ணு மாப்பிள்ளை முகம் கட்டம் கட்டமாக உடையும். டெக்கரேஷன் ஆட்களிடம் பேசி விளக்கை மினுக்காமல் நிலையாக எரியவிடச் சொல்கிறேன். பெரும்பாலும் சரி என்கிறார்கள். நேரலைக் கேமரா ஸ்டாண்டை விட்டு இறங்காது. சுற்றிச் சுற்றி எடுப்பது இன்னொரு கேமராவின் வேலை.

சத்தத்துக்கு மைக்செட்காரரின் மிக்ஸரிலிருந்து நேராக ஒயர். ஆடியோவுக்கு 128 கேபிபிஎஸ் ஒதுக்கிவிட்டு அதன் பக்கமே போக மாட்டேன். நெரிசலில் ஓபிஎஸ் எறிவதும் வீடியோ ஃபிரேமைத்தான், ஆடியோவை விட்டுவைக்கும். படம் சில நொடி நின்றாலும் நாதஸ்வரமும் கெட்டிமேளமும் கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். சத்தம் நின்றால் உடனே மாமா, சித்தப்பா என்று வரிசையாகப் போன் வரும்.

சென்னையில் பிளேயர் எழுதும் புரோகிராமர்

அண்ணன் சொன்னது அனுப்பும் பக்கத்துக் கதை. நான் வேலை செய்வது பார்க்கும் பக்கத்தில்.

2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-ல் ஐஎஸ்ஓ தரமாக வெளியான டாஷ், இணையத்தில் வீடியோவை ஓடவிடும் இந்த இரண்டு முறைக்கும் அடிப்படை ஒன்றுதான். வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் போன். அந்த முடிவில்தான் எல்லாச் சண்டையும்.

சென்னையிலிருந்து நாகர்கோவில் ரயிலில் டெஸ்ட் போனோடு உட்கார்ந்து லாக் எடுத்திருக்கிறேன். ஊருக்குள் நுழையும்போது வேகம் எகிறும், ஊர் தாண்டி வெட்டவெளிக்கு வந்ததும் சில நூறு கேபிபிஎஸ்ஸுக்கு விழும், வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழி மலை நெருங்கும்போது சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. கடைசித் துண்டு வந்த வேகத்தை வைத்து அடுத்ததைக் கணிக்கும் பிளேயர், ஸ்டேஷனில் கிடைத்த வேகத்தை நம்பி 1080பி துண்டை எடுக்கத் தொடங்கும். ரயில் கிளம்பிவிடும். பாதித் துண்டில் வட்டம் சுற்றும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த பதில், 2014-ல் சிக்காம் என்ற நெட்வொர்க் ஆராய்ச்சி மாநாட்டில் ஸ்டான்ஃபோர்டு, நெட்ஃபிளிக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் வைத்தது. வேகத்தைக் கணிப்பது தொடக்கத்தில் மட்டும் போதும், அதன் பிறகு பஃபரை, அதாவது முன்கூட்டியே இறக்கி வைத்த கையிருப்பைப் பார் என்றார்கள். கையிருப்பு நிறைந்தால் தரத்தை ஏற்று, வற்றினால் இறக்கு, அவ்வளவுதான். நெட்ஃபிளிக்ஸ் பயனர்களிடமே சோதித்து, நின்று சுற்றுவது 10 முதல் 20 சதவீதம் குறைந்ததாகக் காட்டினார்கள். நான் அந்த வழியில் எழுதிய பிளேயரை அதே ரயிலில் ஓடவிட்டபோது படம் அடிக்கடி மங்கியது, ஆனால் நின்றது மிகக் குறைவு. பயனர்கள் எழுதும் புகார்களைத் தொடர்ந்து படிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மங்கலாக இருக்கிறது என்று எழுதுபவர் ஒருவர் என்றால் சுற்றுகிறது என்று எழுதுபவர்கள் பல பேர்.

இன்னொரு ஆதங்கம், இந்தத் தரங்களை அடுக்கிய ஏணியின் கடைசிப் படி. பல நிறுவனங்களில் மிகக் குறைந்த தரமே 360பி, 600 கேபிபிஎஸ் என்று நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே சிக்னல் போனால் அந்தப் பயனருக்கு எதுவுமே இல்லை. மொபைல் டேட்டாவில் 10 நிமிடத்துக்கு மேல் ஓடும் வீடியோவுக்கு 192 கேபிபிஎஸ் அளவில் ஒரு அடிப்படைத் தரம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆப்பிள் ஒரு காலத்தில் தன் ஆப் ஸ்டோர் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. ஆண்ட்ராய்டு பக்கமும் அதை ஒழுங்காகச் செய்யலாமே? அதற்கும் கீழே ஆடியோ மட்டும் ஒரு படி வைத்தால் செய்தியோ சொற்பொழிவோ பார்ப்பவருக்கு ஒன்றும் அறுபடாது. 64 கேபிபிஎஸ் ஆடியோ ஒரு மணி நேரம் ஓடினாலும் 29 எம்பிதான் ஆகும். 2020 மார்ச் ஊரடங்கில் இந்தியாவின் பெரிய வீடியோ சேவைகள் கூடிப் பேசி, மொபைல் நெட்வொர்க்கில் 480பி-க்கு மேல் தருவதில்லை என்று ஏப்ரல் 14 வரை கட்டுப்படுத்திக்கொண்டன. மனது வைத்தால் ஏணியை ஒரே வாரத்தில் மாற்ற முடியும் என்று அப்போது தெரிந்தது.

டெஸ்ட் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆபீஸ் வைஃபையில் ஓடுவதை வைத்து எதையும் நம்பாதீர்கள். லினக்ஸில் மோசமான நெட்வொர்க்கைப் போலியாக உண்டாக்கும் நெட்எம் போட்டுத் தாமதம், இழப்பு, இரண்டையும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பாக்கெட் சீராகத் தொலைவதைவிடக் கொத்தாகத் தொலைவதுதான் நிஜ வாழ்க்கைக்கு அருகில்.

மயிலாப்பூரில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர்

படத்தைவிடக் குரல் முக்கியம் என்று மேலே எழுதியிருப்பதை நான் இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஆனால் பேச்சுக் குரலும் பாட்டும் ஒன்று இல்லை, நெட்வொர்க்கைச் சமாளிக்கச் செயலிகள் செய்யும் பல காரியங்கள் பேச்சை மனதில் வைத்துச் செய்தவை. டொராண்டோவிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் குழந்தைகளுக்கு வீடியோ அழைப்பில் கர்நாடக சங்கீதம் கற்றுத் தருகிறேன்.

சேர்ந்து பாடுவது என்பது நடக்காது. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி போவதற்கே ஒரு வழிக்கு 60 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், நேர்க்கோட்டில் கேபிள் கிடையாது என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும், அதன் மேல் செயலியின் தாமதம். நான் போடும் தட்டும் குழந்தை போடும் தட்டும் சந்திக்கவே சந்திக்காது. நல்லவேளை, நம் பாடமுறையே குரு ஒரு வரி பாட சிஷ்யர் திருப்பிப் பாடுவது. தாமதம் அந்த இடைவெளியில் போய் அடங்கிவிடுகிறது.

பெரிய தொல்லை தம்புரா. இரைச்சல் நீக்கும் வசதி, விடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதை ஃபேன் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் பாதியில் விழுங்கும். பேச்சுக்கு வரம், நமக்குக் கேடு. செயலியில் அசல் ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு இருந்தால் அதை முதலில் போடச் சொல்கிறேன். சுருதிப் பெட்டியை அவரவர் வீட்டில் அவரவர் வைத்துக்கொள்வது. என் தம்புராவைக் கடல் தாண்டி அனுப்புவதில்லை.

அடுத்தது லயம். இதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. பாக்கெட்டுகள் சீராக வராதபோது செயலி ஒலியைச் சற்றே இழுத்தும் சுருக்கியும் இடைவெளி தெரியாமல் மறைக்கிறது. சுருதி மாறாது, ஆனால் காலப்பிரமாணம் அசையும். பேச்சில் யாருக்கும் தெரியாது. ஆதி தாள வர்ணத்தை இரண்டாம் காலத்தில் பாடும்போது, குழந்தை ஓடுவதும் நிற்பதுமாகக் கேட்கும். அப்படிக் கேட்டால் நான் திருத்துவதில்லை. அதே வர்ணத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்வேன். பதிவில் பெரும்பாலும் நிதானமாகத்தான் பாடியிருப்பார்கள். நெட்வொர்க் செய்த பிழைக்குக் குழந்தை திட்டு வாங்கக் கூடாது.

இப்போதைய அழைப்புகளில் ஒலியைச் சுருக்கி அனுப்பப் பரவலாக இருப்பது ஓபஸ் கோடெக், 2012-ல் தரமாக வந்தது. 6 கேபிபிஎஸ்ஸிலிருந்து 510 வரை நீளும். கீழ் எல்லையில் பேச்சு புரியும், கமகத்தின் அசைவு புரியாது. 64-க்கு மேல் கிடைத்தால் எனக்குப் போதும். அதனால் மழை நாளில் பிராட்பேண்ட் போய் மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது என் கேமராவை அணைத்துவிடுவேன், இருக்கும் அப்லோடு முழுக்கக் குரலுக்குப் போகட்டும். குழந்தையின் கேமராவை அணைக்கச் சொல்ல மாட்டேன். தாளம் போடும் கையை நான் பார்க்க வேண்டும்.

வால்பாறையில் ஆசிரியை

நீங்கள் எல்லோரும் நேரலையை எப்படிக் காப்பாற்றுவது என்று எழுதுகிறீர்கள். நேரலை வேண்டுமா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் அனுபவம்.

2020-ல் பள்ளி மூடியபோது எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்த என் பிள்ளைகளுக்கு வீடியோ வகுப்பு ஒத்தே வரவில்லை. மலைச்சரிவில் ஒரு வீட்டுக்குச் சிக்னல் இருக்கும், பக்கத்து வீட்டுக்கு இருக்காது. போன் அப்பாவோடு வேலைக்குப் போய் சாயங்காலம்தான் திரும்பும். 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி டிவி உள்ள வீடுகளுக்குக் கைகொடுத்தது, ஆனால் என் வகுப்பில் யாருக்கு எது புரியவில்லை என்பது அதற்குத் தெரியாதே. அப்புறம் நான் பாடத்தை ஐந்தைந்து நிமிட வாய்ஸ் நோட்டாகப் பேசி, நோட்டில் எழுதிய கணக்கைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்பத் தொடங்கினேன். ஒரு நோட்டு சுமார் ஒரு எம்பி. சிக்னல் வரும்போது தானாக இறங்கிக் காத்திருக்கும், ராத்திரி எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பின்னம் புரியாத பிள்ளை அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். வகுப்பில் அவள் ஒரு முறைகூட ‘மறுபடி சொல்லுங்க டீச்சர்’ என்று கேட்டதில்லை.

கோவில்பட்டியில் ஹாக்கி நேரலை எடுப்பவர்

கல்யாணத்துக்கும் பாட்டுக்கும் சரி, விளையாட்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வர்ணனை அறுந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள், பந்து தெரியாவிட்டால் போய்விடுவார்கள். சிக்னல் விழுந்தால் 480பி-க்கு இறங்குவேன், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேமில் கை வைக்க மாட்டேன். 15 ஆக்கினால் பெனால்டி கார்னர் அடியில் பந்து ஒரு இடத்தில் மறைந்து கோலுக்குள் முளைக்கும். அண்ணே, எஸ்ஆர்டி முறை என்கிறார்களே, பயன்படுத்தியிருக்கிறீர்களா?

புதுக்கோட்டைப் பக்கம் கல்யாண நேரலை எடுப்பவர்

பயன்படுத்துகிறேன் தம்பி. ஹைவிஷன் நிறுவனம் 2017-ல் திறந்த மூலமாகக் கொடுத்தது. டிசிபி போல வரிசையில் காத்திருக்காத யுடிபி மேல் ஓடும். தொலைந்த பாக்கெட்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கும், குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மண்டபத்திலிருந்து வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன சர்வருக்கு எஸ்ஆர்டியில் அனுப்பி, அங்கிருந்து ஆர்டிஎம்பியில் யூடியூபுக்குத் தள்ளுகிறேன். சர்வர் மும்பையில் இருப்பதாகப் பார்த்து எடு, தூரம் கூடினால் மறுபடி கேட்டு வாங்க நேரம் போதாது.

லேட்டன்சி என்ற எண்தான் முக்கியம், தொலைந்த பாக்கெட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. அதில் வழக்கமாக இருப்பது 120 மில்லிசெகண்ட், நம் ஊர் 4ஜி-க்கு அது பத்தாது. பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், எவ்வளவு வருகிறதோ அதைப்போல 4 மடங்காவது வைக்கச் சொல்வார்கள். நான் அதையும் தாண்டி 2000 வைக்கிறேன், கல்யாணத்தை இரண்டு நொடி தாமதமாகப் பார்ப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. உனக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன், ஸ்கோர் போடும் பையன் மட்டும் நேரலையைப் பார்த்து ஸ்கோர் மாற்றாமல் மைதானத்தைப் பார்த்து மாற்றட்டும். இரண்டு கம்பெனி சிம் எடுத்துப் போ. ஒன்றின் டவர் நெரிந்தாலும் இன்னொன்றில் பாதியாவது போகும். வருகிற போட்டிக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் கூப்பிடு, சர்வரில் எப்படிப் போடுவது என்று போனிலேயே காட்டித் தருகிறேன்.