ஆயுதம் வைத்திருப்பவரைக் காவலர் எப்போது சுடலாம்?

கேள்வி (கூடலூர்): தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுக்குள் நாட்டுத் துப்பாக்கியோடு வேட்டைக்கு வருபவரை, ஆயுதம் கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காவலர் சுட்டுவிடலாமா?

பதில் (குன்னூர்): கூடாது ஐயா. கைதை எதிர்ப்பவரை அடக்கத் தேவையான வழிகளைக் கையாள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு இடம் தந்தாலும், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சுமத்தப்படாதவரின் உயிரைப் பறிக்கும் உரிமையை அது தருவதில்லை.

பதில் (கோத்தகிரி): துப்பாக்கி காவலரை நோக்கித் திரும்பினால் நிலை வேறு, உயிர் போய்விடும் என்ற நியாயமான அச்சம் இருக்கும்வரை தற்காப்புரிமை உண்டு, ஆயுதத்தைக் கீழே போட்டதும் அது முடிந்துவிடுகிறது. மூடுபனியில் தோளில் கிடக்கும் மண்வெட்டிக் காம்புகூடத் துப்பாக்கியாகத் தெரியும் என்பதால், இயன்றவரை முதலில் குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் (ஊட்டி): உயிரிழப்பு நேர்ந்தால் குற்றப் புலனாய்வுத் துறையான சிஐடியோ வேறு காவல் நிலையமோ புலனாய்வு செய்ய வேண்டும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணையும் கட்டாயம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்துள்ளது.