பூட்டனார் ஊழியம்: குடும்பக் குழுவில்

நான்: சித்தப்பா, நாளைக்கு நம்ம பூட்டனார், அதான் கொள்ளுத்தாத்தா, ஊழியம் செஞ்ச சபைக்குப் போறேன். ஆயர் ஐயா அனுமதி கொடுத்துட்டாங்க. ஞானஸ்நானப் பதிவேட்டுல அவர் கையெழுத்தைத் தேடினாப் போதுமா?

மதுரை சித்தப்பா: அதுல கிடைக்காதும்மா. அவர் உபதேசியார், அதாவது குருப்பட்டம் பெறாத சபை ஊழியர். ஞானஸ்நானம், திருவிருந்து ரெண்டும் குருப்பட்டம் பெற்றவங்கதான் கொடுப்பாங்க. ‘கொடுத்தவர்’ கட்டத்துல அவர் பேர் வராது.

மதுரை சித்தப்பா: அவர் பிள்ளைங்களோட ஞானஸ்நானத்தைப் பாரு. தகப்பன் தொழில், குடியிருப்புன்னு கட்டம் இருந்தா அதுதான் புதையல். பிள்ளைக்குப் பிள்ளை ஊர் மாறினா அதுவே அவர் மாற்றலாகிப் போன வரிசை. ‘வாசகர்’னா உபதேசியாருக்குக் கீழ்ப்படி ஊழியர். முதல் பிள்ளைக்கு ‘வாசகர்’, அடுத்த பிள்ளைக்கு ‘உபதேசியார்’னு இருந்தா, நடுவுல உயர்த்தியிருக்காங்க.

பசுமலை அத்தை: ஒரே வரி ரெண்டு பக்கமும் ஓடும், கவனம். இடது பக்கம் தனியா, வலது பக்கம் தனியா போட்டோ எடுத்தா ஒரு வரி தள்ளிப் படிச்சு, வேற யாரோ தகப்பனை நம்ம பூட்டனார் ஆக்கிருவ. விரிச்ச புத்தகத்தை மேலிருந்து ஒரே படமா எடு. ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழட்டும், மங்கின மையும் தெரியும். புத்தகத்தோட முதுகை அமுக்கி விரிக்காத, தையல் விட்டுரும்.

நான்: ஆயர் ஐயா ஒரு பக்கம் அனுப்பினாங்க. ‘௲௮௱௭௰௨’னு இருக்கு. இது வருஷமா?

பசுமலை அத்தை: 1872. ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௭௰ எழுபது, ௨ ரெண்டு. ‘ஆங்கீரச’ன்னு மட்டும் எழுதியிருந்தா உடனே முடிவு பண்ணாத, அறுபது வருஷச் சுற்று, 1932-ம் அதேதான். தை, மாசி மாசம்னா 1873-ன்னு குறிச்சுக்கோ. அந்தக் காலத்துக் கையெழுத்துல புள்ளி வைக்க மாட்டாங்க, ‘ர’வும் துணைக்காலும் ஒண்ணு போலத் தெரியும். அதனால பேரை நாலஞ்சு விதமா வாசிச்சுப் பாரு.

அண்ணன்: அந்தச் சபையில 1908-க்கு முன்னாடி பதிவேடே இல்லன்னு சொன்னாங்களே?

மதுரை சித்தப்பா: தொலைஞ்சுபோச்சுன்னு அர்த்தமில்லப்பா. 1908-ல தென்னிந்திய ஐக்கிய சபை ஆனப்ப புதுப் புத்தகம் போட்டிருக்கலாம். சிற்றூர்ச் சபைக்குத் தனிப் புத்தகம் இல்லாம, தாய்ச் சபையில எழுதியிருப்பாங்க. அங்கேயும் கேளுங்க. கமிட்டிக் கூட்டப் பதிவு, காணிக்கைக் கணக்கு ரெண்டையும் கேக்க மறக்காதீங்க. சம்பளம் எந்த மாசம் தொடங்குது, எந்த மாசம் நிக்குதுன்னு கணக்குப் புத்தகம் சொல்லும். என் கணக்குல ஞானஸ்நானப் பதிவேட்டை விட அதுதான் நம்பகமானது, பணம் போன இடத்துல தேதி தப்பாது.

அண்ணன்: அமெரிக்க மிஷனரிங்க எழுதி, இப்ப அமெரிக்காவுல இருக்கிற கடிதங்கள்ல பூட்டனார் பேர் வருமா?

மதுரை சித்தப்பா: அவங்களோட மதுரை ஊழியமான மதுரா மிஷன் 1834-ல யாழ்ப்பாணத்துலேருந்து வந்தது. தாய்ச் சங்கமான அமெரிக்கன் போர்டோட ஆவணங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக ஹூட்டன் நூலகத்துல இருக்கு. அறிக்கைகள்ல உபதேசியார்களைப் பெரும்பாலும் எண்ணிக்கையாத்தான் போடுவாங்க. அதனால பேரை வெச்சுத் தேடாத. ஊரும் வருஷமும் பதிவேட்டுலேருந்து கிடைச்சதும், அப்ப அந்த மிஷன் ஸ்டேஷன்ல (மிஷனரி தங்கி ஊழியம் பார்த்த மையத்துல) இருந்த மிஷனரி யாருன்னு பாரு, அப்புறம் அவர் கடிதங்களைப் படி. அமெரிக்கன் போர்டோட ‘மிஷனரி ஹெரால்டு’ இதழ் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்துல இலவசம். வத்தலக்குண்டு ஆங்கிலத்துல ‘பட்டலகுண்டு’ன்னு (Battalagundu) இருக்கும், பழைய எழுத்துக்கூட்டல்லயே தேடு.

நான்: அவர் சொந்தக் கையெழுத்து எங்கேயாவது கிடைக்குமா?

பசுமலை அத்தை: விவாகப் பதிவேட்டுல பாரு கண்ணு. 1872 கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும், உபதேசியார் அங்க சாட்சியா நின்னிருக்கலாம். குறிப்பெடுக்க பென்சில் மட்டும் கொண்டு போ, பேனா வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டையை முதல்ல படம் எடுத்துரு, இல்லன்னா எந்தப் பக்கம் எந்தப் புத்தகம்னு பிறகு தெரியாது.