நெட் கம்பெனியைப் பொதுவில் கேள்வி கேட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

செம்மண்டலம், கடலூர்

நான் ஆரம்பிக்கிறேன், அப்புறம் ஒவ்வொருவராக எழுதுங்கள். கம்பெனி பெயரை யாரும் போட வேண்டாம். எது நல்ல கம்பெனி, எது மோசம் என்று பேச்சு திரும்பிவிட்டால், எப்படிக் கேட்டால் வேலை நடக்கிறது என்ற விஷயம் அடியில் போய்விடும்.

வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் செய்கிறேன். நெட் அரை நாள் போனால் எனக்கு அரை நாள் சம்பளம் போகும். எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்த முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் தெருமுனையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள், கேபிள் அறுந்தது, ஒட்டினார்கள், மறுபடி அறுந்தது, மறுபடி ஒட்டினார்கள். அன்றிலிருந்து நாலு தூறல் விழுந்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் தூறல் விழாத நாள் எத்தனை இருக்கும்?

கஸ்டமர் கேரில் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். போடுவேன். "உங்கள் வைஃபைதான் பிரச்சினை" என்பார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபைபர் கேபிளில் சிக்னலைக் கொண்டுவரும் வெளிச்சமே வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்று அர்த்தம், வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இது எனக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாதா?

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் கோபத்தோடு எக்ஸ் தளத்தில் கம்பெனியை டேக் செய்து எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம், பதிவு செய்த எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள் என்று. அனுப்பினேன். காலையில் "உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். விளக்கு அப்படியே சிவப்பாக எரிகிறது. பொதுவில் கேட்டதை உள்ளே இழுத்துக்கொண்டு போய் மூடிவிட்டார்கள், வெளியே பார்ப்பவர்களுக்கு அவர்கள் உடனே பதில் சொன்னது மட்டும்தான் தெரியும். இப்படி நாலு முறை ஆனது. நாலாவது முறை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டு அண்ணன் ஒரு நாள் பால் வாங்கும்போது, "உங்க வீட்லயும் நெட் இல்லையாம்மா? எங்ககிட்ட உங்க ஒரு வீட்லதான் பிரச்சினைன்னு சொன்னாங்களே" என்றார். என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள், உங்கள் ஒரு வீடு மட்டும்தான் என்று. அன்று மாலையே வாசல் வாசலாகப் போய்க் கேட்டேன். 31 வீட்டில் 23 வீடு அதே கம்பெனி, 23 வீட்டிலும் அதே நேரத்தில் அதே சிவப்பு விளக்கு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, சிலர் காசு கொடுத்து மோடம்கூட மாற்றியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான்.

ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். திட்டுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தேதி, விளக்கு சிவப்பான நேரம், திரும்பி வந்த நேரம், டாக்கெட் நம்பர் (கஸ்டமர் கேரில் தரும் புகார் எண்), "தீர்ந்தது" என்ற எஸ்.எம்.எஸ். வந்த நேரம், இவ்வளவுதான் எழுத வேண்டும். பதினான்கு நாள் எழுதினோம். அந்த அட்டவணையைப் பார்த்தபோது எங்களுக்கே புரிந்தது, 23 வீட்டு லைனும் ஒரே நேரத்தில் விழுகிறது என்றால் பழுது வீட்டில் இல்லை, வீடுகள் பிரிவதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது.

அந்த அட்டவணையைத்தான் தினமும் மாலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்காரர் என்று முறை வைத்துப் பொதுவில் போட்டோம், போன் நம்பர்களை மறைத்துவிட்டு. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. தனிச் செய்தியில் வாருங்கள் என்று பதில் வந்தால், "டாக்கெட் நம்பர் இங்கேயே இருக்கிறது, பதிலையும் இங்கேயே சொல்லுங்கள்" என்று எழுதினோம். கூடவே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு மெயில் போனது. இப்படி ஓர் அதிகாரி இருப்பதே பலருக்குத் தெரியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2012 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும், கட்டணம் கிடையாது, மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் முதலில் கஸ்டமர் கேரில் பதிவு செய்த புகாரின் எண் கையில் இருக்க வேண்டும். எண் இல்லாமல் எவ்வளவு கத்தினாலும் அவர்கள் கணக்கில் நாம் புகாரே செய்யவில்லை.

ஆறாவது நாள் மேலதிகாரி ஒருவர் எனக்கு மட்டும் போன் செய்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். உங்கள் வீட்டுக்கு வேறு பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்துத் தருகிறோம் மேடம், ஒரு மாத வாடகையும் வேண்டாம், பதிவுகளை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். என் வேலை அப்படி. ஆனால் எதிர்வீட்டு அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பது? 23 வீட்டுக்கும் செய்யுங்கள் சார், செய்து முடித்ததும் சரியாகிவிட்டது என்று நாங்களே பொதுவில் எழுதுகிறோம் என்றேன்.

மூன்றாம் நாள் ஆட்கள் வந்தார்கள். தெருமுனை ஈ.பி. கம்பத்தில் கட்டியிருந்த, லைனை வீடு வீடாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் பெட்டிக்கு மூடியே இல்லை, உள்ளே தண்ணீரும் எறும்புப் புற்றும். பள்ளத்தில் அறுந்த இடத்தில் நாலு ஒட்டு. புதுப் பெட்டி வைத்து, ஒட்டுப் போட்ட துண்டை எடுத்துவிட்டு முழு நீளக் கேபிள் போட்டார்கள். என் வீட்டில் மைனஸ் 29 காட்டிய வெளிச்ச அளவு மைனஸ் 21 ஆனது, அதாவது வெளிச்சம் முன்பைவிடப் பலமாக வருகிறது. பழுது 3 நாளுக்கு மேல் நீடித்தால் வாடகையில் கழித்துத் தர வேண்டும் என்ற ட்ராய் விதியைச் சுட்டிக்காட்டியதில் 19 வீட்டுக்குக் கழிவும் வந்தது. மீதி நாலு வீட்டில் டாக்கெட் நம்பரைக் குறித்துவைக்கவில்லை.

சரியான அன்று ராத்திரியே நன்றி சொல்லி 23 பேரும் எழுதினோம்.

நெல்லிக்குப்பம் சாலை, கடலூர்

அக்கா எழுதியதைப் படித்தேன். நான் லைன்மேன். உங்கள் கம்பெனியா தெரியாது, எங்கும் நிலைமை இதுதான். கம்பெனிக்கு நேரடி ஆள் இல்லை நாங்கள், காண்ட்ராக்ட்காரரிடம் வேலை. நான் ஒருவன் பார்க்கும் இணைப்பு அறுநூறுக்கு மேல். புகார் மூட இத்தனை மணி நேரம் என்று காண்ட்ராக்ட்காரருக்கு வரம்பு, தாண்டினால் பணம் பிடிப்பார்கள், அதனால்தான் வேலை முடியும் முன்பே டாக்கெட்டை மூடச் சொல்லி மேலிருந்து போன் வரும். மூடினால்தான் அவர்களுக்குக் கணக்கு சரியாகும். இதை வெளியில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மூடியில்லாத பெட்டியை நாங்களும் பார்க்கிறோம். புதுப் பெட்டி கேட்டால் ஸ்டாக் இல்லை என்பார்கள், பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிட்டு வருவோம். அக்கா தெருவில் போட்ட அட்டவணை மாதிரி ஒன்று மேலே போனால்தான் எங்கள் கைக்கே சாமான் வருகிறது. அந்த வகையில் நீங்கள் கேட்பது எங்களுக்கும் உதவிதான்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊரைச் சூழ்ந்தது, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். பிள்ளைகளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அந்த வாரம் ஒருத்தர் என் போட்டோவையும் போன் நம்பரையும் ஃபேஸ்புக்கில் போட்டு, இவன்தான் வேலை செய்யாதவன் என்று எழுதினார். மூன்று நாள் போன் ஓயவில்லை, என் மனைவிதான் எடுத்துப் பதில் சொன்னாள். தயவுசெய்து கம்பெனியைக் கேளுங்கள், தெருவில் நிற்கிற ஆளின் நம்பரைப் போடாதீர்கள்.

ஒரு விஷயம் சொல்லிக்கொடுக்கிறேன். லைன்மேன் வந்தால் கையில் அந்த வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் இருக்கும், அளவு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் திரையைப் போட்டோ எடுங்கள். மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று போனால் லைன் எப்போது வேண்டுமானாலும் விழும். அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு உங்கள் மோடம் சரியில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியை நான். பிரான்சில் இருக்கும் நம் ஊர்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித் தருகிறேன். அங்கே புதன்கிழமை மதியம் பள்ளி இருக்காது, அதனால் நமக்கு இரவு ஏழு மணிக்கு வகுப்பு. சரியாக அந்த நேரத்தில்தான் என் முகம் அப்படியே நின்றுவிடும். ஒரு குழந்தை "ழ" சொல்லக் கற்றுக்கொள்ளும்போது என் குரல் அறுந்து அறுந்து போனால் அது எதைக் கேட்டுச் சொல்லும்?

எனக்குச் சிவப்பு விளக்கெல்லாம் இல்லை. பச்சையாகத்தான் எரிகிறது. ஸ்பீட் டெஸ்ட்டில் 90 காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதம்மா என்று போய்விடுகிறார்கள். கூகுள் மேப்பில் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினேன். உள்ளூர் அலுவலகத் தம்பி போன் செய்து, டீச்சர், என் வேலைக்கே பிரச்சினை ஆகும், எடுத்துவிடுங்கள் என்றான். என்னிடம் படித்த பையன். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவனும் போன் எடுக்கவில்லை. எடுத்தது தப்போ என்று இன்றுவரை உறுத்துகிறது.

மஞ்சக்குப்பம், கடலூர்

நுகர்வோர் ஆணையம் வரை போனவன் என்பதால் எழுதுகிறேன். வக்கீல் ஒருவர் என்னிடம், டெலிகாம் விஷயத்துக்கெல்லாம் நுகர்வோர் கோர்ட் போக முடியாது சார் என்றார். அவர் சொன்னது 2009-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து. ஆனால் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்கான விளக்கத்திலேயே டெலிகாம் என்ற வார்த்தை இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கம்பெனி தலைமையகம் மும்பையோ டெல்லியோ, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செம்மண்டலத்து அம்மா மாதிரி ஒரே குறையுள்ள பல பேர், ஆணையத்தின் அனுமதி வாங்கிச் சேர்ந்தே ஒரு மனுவாகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

நான் தனியாகத்தான் போட்டேன். நோட்டீஸ் போன பிறகு பணத்தைத் திருப்பித் தந்து சமாதானம் பேசினார்கள், வாங்கிக்கொண்டேன். அதற்கு முன்னால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்திருந்தேன். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தும் பார்த்தேன், வாங்கிக்கொண்டார்கள், அவர்கள் அதிகாரத்தில் இல்லாத விஷயம் என்பதால் ஒன்றும் நகரவில்லை. அந்த ஒரு நாள் அலைச்சலை நீங்கள் மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் சாலை, கடலூர்

டீச்சர், உங்கள் பிரச்சினை கம்பத்தில் இல்லை. பச்சை விளக்கு, பகலில் நன்றாக ஓடுகிறது, இரவு ஏழிலிருந்து பதினொன்று வரை மட்டும் திணறுகிறது என்றால் உள்ளூர் ஆபரேட்டர் மேலிருந்து வாங்கும் பேண்ட்வித், அதாவது ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சேர்த்து நெட் ஓடும் அளவு, போதவில்லை என்று அர்த்தம். ஊரே வீட்டுக்கு வந்து வீடியோ பார்க்கும் நேரம் அது. ஸ்பீட் டெஸ்ட் பக்கத்துச் சர்வரோடுதான் பேசும், அதனால் 90 காட்டும். டெஸ்ட் எடுக்கும்போது வேறு ஊர்ச் சர்வரை மாற்றிப் பாருங்கள், எண் விழுவது தெரியும். வைஃபை வேண்டாம், லேப்டாப்பில் கேபிள் சொருகிக் காலை ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று என்று எடுத்து வையுங்கள்.

செம்மண்டலம், கடலூர்

தம்பி, உங்கள் நம்பரைப் போட்டவர் யாராக இருந்தாலும் அது தப்பு. எங்கள் குழுவில் இன்றே சொல்லிவிட்டேன், லைன்மேன் படமோ எண்ணோ யாரும் போடக்கூடாது என்று.

டீச்சர், நீங்கள் எடுத்ததில் தப்பில்லை, பழக்கமான பிள்ளை கேட்டால் யாராக இருந்தாலும் எடுப்போம். ஆனால் அந்தப் பையனால் பேண்ட்வித் வாங்கித் தர முடியாது. அதனால் இந்த முறை உள்ளூர் அலுவலகத்தை விட்டுவிட்டு மேலே எழுதுவோம். உங்கள் தெருவில் அதே கம்பெனி எத்தனை வீடு என்று மட்டும் விசாரியுங்கள், ஐந்து வீடு கிடைத்தாலும் போதும். எங்கள் அட்டவணையில் வெளிச்ச அளவு இருந்த இடத்தில் உங்களுக்குக் காலை வேகம், இரவு வேகம் என்று மாற்றி அனுப்புகிறேன். புதன்கிழமை வகுப்பு நடக்கும்போதே அறுந்தால், அந்த நிமிடமே கஸ்டமர் கேருக்குப் போட்டு டாக்கெட் நம்பர் வாங்கிவிடுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள், எஸ்.எம்.எஸ்.ஸை மட்டும் நம்ப வேண்டாம்.